நோய்க்காலக் கொடுப்பனவு முடிந்து ஸ்டேட் பென்ஷன் தொடங்கும்போது வாடகை என்ன ஆகும்?

லண்டனில் ஒரு படுக்கையறை வீட்டில் தனியாக வாடகைக்கு இருக்கும் ஓர் ஐயாவின் கேள்வி இது. அவருக்கு 2026 பெப்ரவரி 20 அன்று 66 வயதாகிறது. முதுகெலும்பு வருத்தத்தால் பல வருடமாக வேலை இல்லை. குறைந்த வருமானத்தினருக்கான அரச உதவியான யுனிவர்சல் கிரெடிட்டில் நோய்க்கான கூடுதல் தொகையும் வாடகைப் பங்கும் வருகின்றன. இயலாமைக்கான பிப் கொடுப்பனவில் அன்றாட வாழ்க்கைப் பகுதியும் கிடைக்கிறது. ஸ்டேட் பென்ஷன் (அரச ஓய்வூதியம்) முன்னறிவிப்பைப் பார்த்தால் வாரம் 150 பவுண்டு என்று காட்டுகிறதாம். "பென்ஷன் வந்ததும் வாடகைக் காசு நின்றுவிடுமா? வீட்டுக்காரர் இப்போதே கேட்கிறார். மகன் என்னோடு வந்து இருக்கப் போகிறான், அதனால் பிரச்சினை வருமா? பென்ஷன் வந்ததும் இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போய்வர ஆசை, போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, வாடகை உதவி உங்களுக்கு உண்டு. ஆனால் அது தானாக உங்கள் பின்னால் வராது. இப்போது எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே தொகையாக வருகிறது. 66 ஆனதும் அது மூன்றாகப் பிரியும்: ஸ்டேட் பென்ஷனுக்கு ஒரு விண்ணப்பம், குறைந்த பென்ஷனை உயர்த்தித் தரும் பென்ஷன் கிரெடிட்டுக்கு இன்னொன்று, வாடகைக்குக் கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிஃபிட் விண்ணப்பம். யுனிவர்சல் கிரெடிட்டை நிறுத்துபவர்கள் உங்களை அடுத்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. வாடகை பாக்கி விழுந்து மாட்டிக்கொள்பவர்களில் பலருக்கு உதவி பெறும் தகுதி இருக்கிறது. மூன்றாவது விண்ணப்பம் ஒன்று இருப்பதுதான் தெரியாது.

கீழே நான் சொல்லும் தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். விதிகள் இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதில் வேறு கொடுப்பனவு உண்டு, வட அயர்லாந்தில் கவுன்சிலுக்குப் பதில் ஹவுசிங் எக்ஸிகியூட்டிவ்.

முதலில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்ப்போம். "நோயால் வேலை செய்ய முடியாது" என்பதற்காகத் தரும் காசு பென்ஷன் வயதோடு முடிந்துவிடும். ஈ.எஸ்.ஏ. என்ற நோய்க்காலக் கொடுப்பனவு வாங்குபவருக்கு அதுவும், யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவருக்கு அதிலுள்ள நோய்க்கான தொகையும் நிற்கும். வேலை செய்யும் வயதே முடிந்துவிட்டது என்பதால் வேலைத் தகுதிப் பரிசோதனை இல்லை, டாக்டரின் சான்றும் கேட்க மாட்டார்கள். பலருக்கு அதுவே பெரிய நிம்மதி. பிப் மட்டும் தொடரும், ஏனென்றால் அது வேலையோடு சம்பந்தப்பட்டதல்ல, இயலாமைக்கானது. உங்களைப் போன்றவருக்கு இனி எல்லாக் கணக்கும் இந்தப் பிப்பைச் சுற்றித்தான் நடக்கும்.

சரி, தேதிகளுக்கு வருவோம். யுனிவர்சல் கிரெடிட் உங்கள் பிறந்தநாளன்று அறுந்துவிடாது. பிறந்தநாள் விழும் அந்தக் கணக்கு மாதம் முடியும்வரை ஓடும். உங்கள் கணக்கு மாதம் 12ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 11ஆம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மார்ச் 11 வரை யுனிவர்சல் கிரெடிட் உண்டு. அந்தக் கடைசிக் காசு ஒரு வாரம் கழித்து மார்ச் 18 அளவில் வங்கிக்கு வரும். அதற்குள் வாடகைப் பங்கும் அடக்கம். பெப்ரவரி 20 முதல் பென்ஷன் உரிமை தொடங்கிவிடுவதால், அந்த நாட்களுக்கான பென்ஷனைக் கழித்துக் கடைசித் தொகை கொஞ்சம் குறைவாக வரலாம், பயப்பட வேண்டாம். மார்ச் 12 முதல் வாடகை கவுன்சிலின் பொறுப்பு. விண்ணப்பத்தில் "எந்தத் தேதியிலிருந்து" என்று கேட்கும் இடத்தில் யுனிவர்சல் கிரெடிட் முடிந்த மறுநாளை எழுதுங்கள்.

ஹவுசிங் பெனிஃபிட்டுக்குப் பென்ஷன் வயதை எட்ட 17 வாரம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஸ்டேட் பென்ஷனுக்கும் பென்ஷன் கிரெடிட்டுக்கும் நான்கு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். ஆகவே நவம்பரில் தொடங்கினால் எல்லாமே நேரத்துக்கு முடியும். ஒருவேளை தவறவிட்டாலும் பென்ஷன் கிரெடிட்டையும் பென்ஷன் வயதினருக்கான ஹவுசிங் பெனிஃபிட்டையும் மூன்று மாதம் பின்தேதியிட்டுத் தருவார்கள். அதற்கு மேல் போனால் போனதுதான்.

ஸ்டேட் பென்ஷன் விண்ணப்பத்தில் ஒரு விஷயம். வயது வந்ததும் தானாக வராது, கேட்க வேண்டும். அழைப்புக் கடிதம் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்னராவது வர வேண்டும், வராவிட்டாலும் நீங்களே இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்கலாம். "பென்ஷனைத் தள்ளிப் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமாமே" என்று யாராவது சொல்வார்கள். ஒன்பது வாரத்துக்கு ஒரு சதவீதம் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு வருமானம் உள்ளவர்களுக்கு. பென்ஷன் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிஃபிட்டும் வாங்கப் போகிறவர் தள்ளிப்போட்டால், வாங்காத பென்ஷனை வாங்கியதாகவே வைத்துக் கணக்குப் போடுவார்கள். கையில் காசும் இராது, உதவியும் குறையும். உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

66 என்பது உங்களுக்குப் பொருந்தும். 1960 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வயது மாதம் மாதமாக ஏறி, 1961 மார்ச் 6 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 67 ஆகிறது. உங்கள் நண்பர்களுக்கு உங்கள் தேதியைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். அரசின் இணையதளத்தில் பிறந்த தேதியைப் போட்டால் சரியான நாளைக் காட்டும்.

இப்போது காசுக் கணக்கு. முழுப் புதிய ஸ்டேட் பென்ஷன் வாரம் 230.25 பவுண்டு, அதற்குப் பொதுவாக 35 வருட நேஷனல் இன்சூரன்ஸ் (சமூகக் காப்புறுதி) பதிவு வேண்டும். பத்து வருடத்துக்குக் குறைந்தால் ஒன்றும் இல்லை. நம்மவர்களில் பலர் நடுவயதில் வந்து சேர்ந்தவர்கள், 35 வருடம் நிரம்புவது கடினம். நோய்க்காலக் கொடுப்பனவு வாங்கிய வருடங்களும் பதிவில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் 150 பவுண்டுக்குள் அந்த வருடங்களும் இருக்கும். அவை உண்மையில் சேர்ந்திருக்கின்றனவா என்று இணையப் பதிவில் ஒருமுறை சரிபாருங்கள், விடுபட்ட வருடத்தைத் திருத்தக் கேட்கலாம். காசு கட்டி வருடம் வாங்குவது பற்றிக் கீழே சொல்கிறேன்.

பென்ஷன் கிரெடிட் என்பது குறைந்த பென்ஷனை ஒரு மட்டத்துக்கு உயர்த்தித் தரும் கொடுப்பனவு. தனி ஆளுக்கு அந்த மட்டம் வாரம் 227.10 பவுண்டு. உங்களிடம் 150 இருந்தால் 77.10 சேர்த்துத் தருவார்கள். இதோடு நின்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கடும் இயலாமைக்கான கூடுதல் தொகை ஒன்று இருக்கிறது, வாரம் 82.90. அதற்கு மூன்று நிபந்தனை: பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி இருக்க வேண்டும் (குறைந்த வீதமானாலும் போதும்), வீட்டில் வேறு வயதுவந்தவர் யாரும் வசிக்கக் கூடாது, உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக யாரும் கேரர்ஸ் அலவன்ஸோ யுனிவர்சல் கிரெடிட்டில் அதற்கான தொகையோ வாங்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் உங்கள் மட்டம் 310 பவுண்டு. 150 பென்ஷன், 160 பென்ஷன் கிரெடிட். பிப் இதற்கு வெளியே. அதை வருமானமாகக் கணக்கிட மாட்டார்கள்.

இப்போது வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் தனி ஆளுக்கு மாதம் 400.14, நோய்க்கான தொகை 423.27, ஆக 823.41 பவுண்டு. வாரம் 310 என்றால் மாதம் 1,343 பவுண்டுக்கு மேல். வாடகை இரண்டு பக்கத்திலும் தனி. "நோய்க் காசு நின்றுவிடுமே" என்று பயப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் வருமானம் ஏறத்தான் செய்யும். யுனிவர்சல் கிரெடிட்டில் இந்த இயலாமைத் தொகை இல்லை, பென்ஷன் கிரெடிட்டில் இருக்கிறது, அதுதான் காரணம். ஆனால் இது கடிதத்தில் தானாக வராது. விண்ணப்பிக்கும்போது "எனக்குப் பிப் இருக்கிறது, தனியாக இருக்கிறேன், யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கவில்லை" என்று வாயால் சொல்லுங்கள். தீர்மானக் கடிதம் வந்ததும் அந்தத் தொகை தனி வரியாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இதிலிருந்து வரும் ஒரு அவசர விஷயம், உங்களுக்கல்ல, இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு. நோயாளியாக இருந்தும் பிப் கேட்காமலே இருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பென்ஷன் வயதுக்குப் பிறகு புதிதாகப் பிப் கேட்க முடியாது. அதற்குப் பதில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கேட்கலாம், அதுவும் பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் போலவே வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்டுதான், ஆனால் நடமாட்டத்துக்கான பகுதி அதில் அறவே இல்லை. நடக்கச் சிரமப்படுகிறவர் 66க்கு முதல்நாளாவது பிப் கேட்டுவிட வேண்டும். அதேபோல் பிப் வாங்குகிறவர் "வயதாகிவிட்டதே" என்று அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு மாறக் கூடாது. இரண்டும் சேர்ந்து வராது, மாறினால் நடமாட்டப் பகுதி போகும்.

இனி மகன் விஷயம். இதில்தான் நம் வீடுகளில் அதிகம் இழக்கிறார்கள். அப்பாவைத் தனியே விடக்கூடாது என்று பிள்ளை வந்து இருக்கிறான், நல்ல மனசு. ஆனால் அவன் உங்கள் வீட்டில் வழக்கமாக வசிக்கத் தொடங்கினால் அந்த 82.90 பவுண்டு போய்விடும். அவன் உங்களுக்கு ஒரு சதமும் தராவிட்டாலும் போகும். மாதக் கணக்கில் 359 பவுண்டு. வந்து சில நாள் தங்கிப் போவது வேறு. அவனுடைய வீடு, கடிதம், கவுன்சில் வரி எல்லாம் வேறு இடத்தில் இருக்கும்வரை அது வசிப்பது ஆகாது. அவனுக்கே பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி இருந்தால் அவனைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அது ஒரு விலக்கு.

ஹவுசிங் பெனிஃபிட்டில் பொதுவாக வீட்டில் இருக்கும் வயதுவந்த பிள்ளைக்காக ஒரு தொகையைக் கழிப்பார்கள். உங்களுக்குப் பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி இருப்பதால் அந்தக் கழிவு இல்லை. ஆகவே மகன் வந்தால் வாடகை உதவி அப்படியே இருக்கும், பென்ஷன் கிரெடிட் குறையும். வாடகை ஒப்பந்தத்தில் மகன் பெயரையும் சேர்க்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் யோசியுங்கள்: கூட்டு வாடகையாளர் ஆனால் வாடகையை இருவருக்கும் பிரித்து உங்கள் பங்குக்கு மட்டுமே உதவி தருவார்கள்.

மகன் வருவதா வேண்டாமா என்பது காசைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கும் விஷயமல்ல. இரவில் விழுந்தால் தூக்க ஆள் வேண்டும் என்றால் 82.90 பெரிதல்ல. ஆனால் வந்து இருந்துகொண்டு சொல்லாமல் விடுவது கூடாது. பின்னர் கண்டுபிடித்தால் வருடக்கணக்கில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். மகளோ மருமகளோ உங்களைப் பார்த்துக்கொண்டு கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கப் போகிறார் என்றாலும் இதே தராசுதான்: அவருக்கு வருவது எவ்வளவு, உங்களிடமிருந்து போவது எவ்வளவு என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று, இது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் அடிக்கடி வரும். மகன் வாங்கிய வீட்டில் அப்பா வாடகைக்கு இருப்பது. ஒரே வீட்டில் மகனும் சேர்ந்து வசித்தால் ஹவுசிங் பெனிஃபிட் கிடையாது. தனி வீடாக இருந்தால் முடியும், ஆனால் உண்மையான வாடகை ஏற்பாடு என்று காட்ட வேண்டும். வாடகை தராவிட்டால் வெளியேறச் சொல்வீர்களா என்றே கவுன்சிலில் கேட்பார்கள்.

சரி, வாடகை. தனியார் வீட்டில் இருப்பவருக்கு யுனிவர்சல் கிரெடிட்டானாலும் ஹவுசிங் பெனிஃபிட்டானாலும் ஒரே உச்சவரம்புதான், அந்தப் பகுதிக்கான எல்.எச்.ஏ. வீதம். உங்கள் வாடகை மாதம் 1,200 என்றால் கவுன்சில் அதை வாரக் கணக்காக்கும்: 1,200ஐ 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் 276.92. பகுதியின் எல்.எச்.ஏ. வாரம் 260 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், கூடிய பட்சம் 260தான் வரும், மீதி 16.92 உங்கள் கையிலிருந்து. அதாவது இன்று யுனிவர்சல் கிரெடிட்டில் நீங்கள் கைக்காசு போட்டுக் கட்டும் இடைவெளி நாளையும் இருக்கும், பென்ஷன் வந்துவிட்டதால் அது நிரம்பாது. மிகவும் முடியவில்லை என்றால் கவுன்சிலிடம் விசேஷ உதவி கேட்கலாம், ஆனால் அது அவர்கள் விருப்பம், காலவரையறையோடுதான் தருவார்கள்.

பென்ஷன் கிரெடிட்டில் அந்த 227.10 அல்லது 310 வரை உயர்த்தும் பகுதிக்குக் காரண்டி கிரெடிட் என்று பெயர். அதில் வாரம் ஒரு பவுண்டு கிடைத்தாலும் கவுன்சில் உங்கள் வருமானத்தையும் சேமிப்பையும் மறுபடி கிண்டாது, எல்.எச்.ஏ. வரை முழு ஹவுசிங் பெனிஃபிட். கவுன்சில் வரியும் பெரும்பாலும் முழுதாகக் குறையும், அதற்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பல் வைத்தியம் இலவசம், கண்ணாடிக்கு உதவி, குளிர்காலத்தில் மின்கட்டணத்தில் 150 பவுண்டு தள்ளுபடி என்று வேறும் வரும்.

முழுப் பென்ஷன் வாங்கும் தனி ஆள், பிப் இல்லை என்றால் கதை வேறு. அவருடைய 230.25 அந்த 227.10ஐ விட 3.15 பவுண்டு அதிகம். அந்த மூன்று பவுண்டுக்காகக் காரண்டி கிரெடிட் இல்லை, அதோடு வரும் சலுகைகளும் இல்லை. எரிச்சல் தரும் கோடு அது. ஆனாலும் ஹவுசிங் பெனிஃபிட் கிடைக்கும்: மிகையான 3.15இல் 65 சதவீதம், வாரம் 2.05 பவுண்டு மட்டும் கழிப்பார்கள். "பென்ஷன் கிரெடிட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதனால் வாடகை உதவியும் இல்லை" என்று விட்டுவிட வேண்டாம். இரண்டும் வெவ்வேறு அலுவலகம், வெவ்வேறு கணக்கு.

இதனால்தான் காசு கட்டி விடுபட்ட வருடங்களை வாங்கும் முன் யோசிக்கச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 923 பவுண்டு. பென்ஷன் கிரெடிட் வாங்குகிறவருக்கு, பென்ஷனில் ஏறுவது பென்ஷன் கிரெடிட்டில் இறங்கும். உங்கள் நிலையில் அது வீண் செலவு.

கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவருக்கு ஒரு நல்ல செய்தி. கூடுதல் அறை இருப்பதற்காக 14 அல்லது 25 சதவீதம் வெட்டுவார்களே, பென்ஷன் வயதினருக்கு அந்த வெட்டு இல்லை. பிள்ளைகள் போன பிறகு மூன்று அறை வீட்டில் இருந்துகொண்டு வெட்டுக் கட்டியவர்கள் அன்றிலிருந்து கட்டத் தேவையில்லை. ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து வாடகை நேரே வீட்டுக்காரருக்குப் போகும் ஏற்பாடு இருந்தால் அது யுனிவர்சல் கிரெடிட்டோடு முடிந்துவிடும். தனியார் வீடென்றால் புதிதாகக் கேட்க வேண்டும்.

கணவன் மனைவியாக இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். நம் ஆட்களில் கணவன் எட்டுப் பத்து வயது மூத்தவராக இருப்பது சாதாரணம். 2019 மே 15 முதல், இருவரில் ஒருவர் பென்ஷன் வயதுக்குக் கீழே இருந்தால் புதிதாகப் பென்ஷன் கிரெடிட்டும் இல்லை, பென்ஷன் வயதினரின் ஹவுசிங் பெனிஃபிட்டும் இல்லை. இளையவருக்கு வயது வரும்வரை யுனிவர்சல் கிரெடிட்தான், வாடகையும் அதற்குள்தான். கணவரின் ஸ்டேட் பென்ஷனை அதில் பவுண்டுக்குப் பவுண்டு கழிப்பார்கள். ஆகவே அவர் 66 ஆனதும் "இனி நான் பென்ஷனர்" என்று யுனிவர்சல் கிரெடிட்டை மூடக் கூடாது. மூடினால் வாடகை உதவிக்குப் போக வேறு வாசல் இல்லை. மனைவி வேலை தேட வேண்டும் என்று கேட்பார்கள். கணவருக்குப் பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி இருந்து, மனைவி வாரம் 35 மணி நேரமாவது அவரைப் பார்த்துக்கொண்டால், யுனிவர்சல் கிரெடிட்டில் அதற்கென மாதம் 201.68 கேட்கலாம், வேலை தேடும் நிபந்தனையும் விழாது.

சேமிப்பு. யுனிவர்சல் கிரெடிட்டில் 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஒன்றும் இல்லை. பென்ஷன் கிரெடிட்டில் மேல்வரம்பே இல்லை: முதல் 10,000ஐப் பார்க்க மாட்டார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் என்று கணக்கிடுவார்கள். கழுத்திலும் கையிலும் உள்ள நகையைக் கேட்பதில்லை. ஊரில் உள்ள வீடும் காணியும் சொத்துத்தான், எழுத வேண்டும். அந்த வீட்டில் பென்ஷன் வயதான அக்காவோ, நோயாளியான தம்பியோ குடியிருந்தால் அந்த வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதையும் சேர்த்தே எழுதுங்கள். பழைய வேலையிடத்துத் தனியார் பென்ஷன் ஏதாவது தொடாமல் கிடந்தால், 66க்குப் பிறகு அதிலிருந்து எடுக்கக்கூடிய வருமானத்தை எடுத்ததாகவே கருதுவார்கள். அதுவரை கேட்காத ஒன்றை அப்போது கேட்பார்கள் என்பதால் பலர் தடுமாறுவது இங்கேதான்.

யாழ்ப்பாணப் பயணம். ஸ்டேட் பென்ஷன் நீங்கள் எங்கே இருந்தாலும் வரும். பிப் 13 வாரம் வரை தாங்கும். ஆனால் பென்ஷன் கிரெடிட்டுக்கும் ஹவுசிங் பெனிஃபிட்டுக்கும் வெளிநாட்டில் நான்கு வாரம்தான் எல்லை. இரண்டு மாதம் போகிறேன் என்று டிக்கெட் போட்டால், ஐந்தாவது வாரத்திலிருந்து அல்ல, புறப்பட்ட நாளிலிருந்தே நிறுத்திவிடுவார்கள். திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும், இடையில் வாடகை உங்கள் தலையில். நெருங்கிய உறவினர் இறந்தால் எட்டு வாரம் வரை நீட்டிக்கலாம், வைத்தியத்துக்கென்றால் 26 வாரம். இல்லாவிட்டால் நான்கு வாரத்துக்குள் போய்வருவதுதான் புத்தி. போகும் முன் இரண்டு இடத்துக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். ஊரிலேயே நிரந்தரமாக இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: இலங்கையிலும் இந்தியாவிலும் ஸ்டேட் பென்ஷன் வரும், ஆனால் வருடாவருடம் ஏறாது. போன அன்று எவ்வளவோ, அவ்வளவிலேயே நிற்கும்.

காசு வரும் நாட்களும் மாறும், அதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேட் பென்ஷன் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பின்தொகையாக வரும். எந்தக் கிழமை என்பது நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பொறுத்தது: 00 முதல் 19 வரை திங்கள், 20 முதல் 39 வரை செவ்வாய், அப்படியே போய் 80 முதல் 99 வரை வெள்ளி. உங்கள் எண் 47இல் முடிந்தால் புதன். முதல் தொகை பிறந்தநாளிலிருந்து ஐந்து வாரத்துக்குள் வரும். வாடகையோ மாதம் முதலாம் தேதி. ஆகவே பென்ஷன் நாளும் வாடகை நாளும் ஒவ்வொரு மாதமும் விலகிக்கொண்டே போகும். நிரந்தர வங்கிக் கட்டளை வைத்திருந்தால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் கணக்கில் போதிய காசு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பென்ஷன் கிரெடிட்டுக்குத் தொலைபேசியில் கேட்பதே எனக்குப் பிடித்த வழி: 0800 99 1234, இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொன்னால் இணைப்பில் கொண்டுவருவார்கள். மகனை விட்டுப் பேசவைப்பதைவிட அது நல்லது, பிள்ளைகள் சில கேள்விகளை அப்பாவிடம் கேட்காமலே பதில் சொல்லிவிடுவார்கள். அந்த அழைப்பிலேயே ஹவுசிங் பெனிஃபிட் விவரமும் கேட்டுக் கவுன்சிலுக்கு அனுப்புவதாகச் சொல்லலாம். நம்பலாம், ஆனாலும் கவுன்சில் இணையதளத்தில் நீங்களே ஒரு விண்ணப்பம் போட்டு அதன் எண்ணை எழுதி வையுங்கள். வாடகை ஒப்பந்தம், வங்கி அறிக்கை, பிப் கடிதம், பென்ஷன் தீர்மானக் கடிதம் இவற்றின் படங்களைத் தயாராக வைத்திருங்கள். யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கிலிருந்து கடைசிச் சில மாதத் தொகை விவரங்களையும், வாடகைக்கு எவ்வளவு தந்தார்கள் என்ற பக்கத்தையும் மூடுவதற்கு முன் சேமித்துவிடுங்கள். பென்ஷன் கடிதம் இன்னும் வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டுக் கடிதத்தைப் பிறகு அனுப்பலாம்.

தீர்மானம் தவறாக வந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். பென்ஷன் கிரெடிட் என்றால் மறுபரிசீலனை கேட்பது, ஹவுசிங் பெனிஃபிட் என்றால் கவுன்சிலிடமே மேன்முறையீடு. சிட்டிசன்ஸ் அட்வைஸிலும் ஏஜ் யூ.கே.யிலும் இலவசமாக உட்கார்ந்து எழுதித் தருவார்கள்.

கடைசியாக வீட்டுக்காரர். அவருக்குக் கவுன்சிலில் விண்ணப்பித்த தேதியையும் எண்ணையும் எழுத்தில் கொடுங்கள், குறுஞ்செய்தியானாலும் போதும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில வாரம் தாமதமாகலாம், பின்தேதியிட்டு முழுதும் வரும் என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த மாதங்களில் ஒரு பகுதியாவது கட்டிக்கொண்டிருங்கள். இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் வரை, இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் நீதிமன்றம் போகக் கட்டாயக் காரணம் ஒன்று கிடைக்கும். 2026 மே 1 முதல் அது மூன்று மாதமாகிறது, காரணமே சொல்லாமல் வெளியேற்றும் நோட்டீஸும் அன்றோடு முடிகிறது. உங்கள் மாற்றம் அந்தத் தேதிக்கு முன்னரே நடப்பதால், கவுன்சில் விண்ணப்பத்தைத் தை மாதத்துக்குத் தள்ளாமல் இப்போதே போட்டுவிடுங்கள்.